உபபணி எங்கே போனது? பணிப்பட்டியல் மென்பொருளில் அடிக்கடி வரும் கோளாறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சின்னக் குழுக்களுக்குப் பணிப்பட்டியல் மென்பொருள் (எந்த வேலையை யார், எந்த நாளில் செய்வது என்று எழுதி வைக்கும் செயலி) போட்டுக் கொடுப்பதும், போட்டுக் கொடுத்ததைப் பிறகு போய்த் திருத்துவதும் கொஞ்சக் காலமாக என் வேலையில் பாதியாகிவிட்டது. வீடு கட்டும் கொந்தராத்துக்காரர், விதைநெல் பொதி செய்யும் மகளிர் சங்கம், அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துவிட்டு வெளிநாட்டு வேலை எடுத்துச் செய்யும் பெடியள் என்று ஆட்கள்தான் வேறு வேறு. தொலைபேசியில் வரும் முறைப்பாடுகள் திரும்பத் திரும்ப ஒன்றுதான். அதனால் அறிகுறியின்படி எழுதி வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

தொடங்குமுன் ஒரு காரியம். உங்கள் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, அந்த வேலையைச் செய்யவேண்டிய ஆளின் போனை வாங்கிப் பாருங்கள். பட்டியல் போட்டவரின் திரையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பரந்தனிலிருந்து துணுக்காய் வரை மோட்டார் சைக்கிளில் போய் இறங்கியதும், “இஞ்ச பாருங்கோ தம்பி, என்ர கொம்பியூட்டரில இருக்குத்தானே” என்று காட்டுவார்கள். இருக்கும். மேசனின் போனில் இருக்காது. கோளாறு அந்த இடைவெளிக்குள்தான்.

## அறிகுறி 1: உபபணி போட்டேன், பலகையிலும் நாட்காட்டியிலும் காணவில்லை

அதிகம் வரும் அழைப்பு இதுதான். ஒரு பணிக்குள் எழுதும் சின்னப் பணிதான் உபபணி, அதை உள்ளே வைத்திருப்பது தாய்ப்பணி. பலகை என்பது பணிகளை அட்டை அட்டையாக அடுக்கிக் காட்டும் திரை.

வடிகட்டி விழுந்திருக்கிறதா? திரையின் மேற்பகுதியில் “எனக்குரியவை மட்டும்”, “இந்தக் கிழமை” என்று ஏதாவது தெரிவாகியிருக்கிறதா பாருங்கள். போனில் கைபட்டே விழும். முடிந்த பணிகளை மறைக்கும் தெரிவும் அங்கேதான் இருக்கும். யாரோ பெயருக்குப் பக்கத்திலுள்ள வட்டத்தைத் தவறுதலாகத் தட்டியிருப்பார், உபபணி ‘முடிந்தது’ ஆகி மறைந்திருக்கும். முடிந்தவற்றையும் காட்டச் சொல்லிப் பார்த்தால் வந்துவிடும்.

மடிந்து கிடக்கிறதா? கிளிக்அப்பில் உபபணிகளை மடித்து வைக்கலாம், விரித்து வைக்கலாம், தனிப்பணிகள் போலவும் காட்டலாம். மூன்றும் ஒரே தெரிவுப் பட்டியலுக்குள் இருக்கின்றன. மடித்து வைத்த காட்சியில் தேடிக்கொண்டு காணவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். மற்ற மென்பொருள்களிலும் தாய்ப்பணிக்கு இடப்பக்கம் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், அதைத் தட்டிப் பாருங்கள்.

திட்டத்தில் சேரவில்லையா? அசானா பாவிப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். அசானாவில் ஒரு பணிக்குள் உபபணி எழுதினால், தாய்ப்பணி இருக்கும் திட்டத்தில் அது தானாகச் சேராது. தாய்க்குள் மட்டும் இருக்கும். அதனால் திட்டத்தின் பலகையிலும் நாட்காட்டியிலும் தனியாக வராது.

விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டு வேலையில் இதற்கு விலை கொடுத்தோம். “பிளாட் கொங்கிரீட்” என்ற பணிக்குக் கீழே பலகை அடித்தல், கம்பி கட்டுதல், வயர்க் குழாய் வைத்தல், கொங்கிரீட் போடுதல், தண்ணீர் விடுதல் என்று ஐந்து உபபணி. எழுதியவருக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. வயரிங் தம்பி ஒவ்வொரு நாள் காலையும் திட்டத்தின் நாட்காட்டியைத்தான் பார்ப்பார். அதில் “பிளாட் கொங்கிரீட், வெள்ளி” என்ற ஒரே வரி. குழாய் வைப்பது வியாழன் என்று அவருக்குத் தெரியவே இல்லை. உபபணியில் ஆளின் பெயர் போட்டிருந்தால் அவருடைய சொந்தப் பணிப்பட்டியலிலாவது விழுந்திருக்கும், அதையும் போடவில்லை. வெள்ளிக்கிழமை கொங்கிரீட் போட்டாயிற்று. சனிக்கிழமை குழாய்களோடு வந்து நின்றார். சீலிங்குக்குக் கீழே வெளியே தெரிய ஓடும் அந்த வெள்ளைக் குழாய்களை இப்போதும் அந்த வீட்டில் பார்க்கலாம்.

திருத்துவது சுலபம். உபபணியைத் திறந்து, அதே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். கணினியில் டாப் சாவியோடு பி அழுத்தினால் திட்டம் கேட்கும். ஆனால் எல்லா உபபணியையும் இப்படிச் சேர்த்துவிட்டால் பலகை நிரம்பி வழியும், பிறகு “ஒன்றும் விளங்கவில்லை” என்று வேறு அழைப்பு வரும். வேறு ஆள், வேறு நாளில் செய்கிற உபபணியை மட்டும் சேருங்கள். மற்றவை உள்ளேயே கிடக்கட்டும்.

ஜிராவில் வேறு கதை. அங்கே உபபணி தாய்ப்பணி இருக்கும் ஸ்பிரின்ட்டில்தான் (சில கிழமைக்கு என்று பிரித்து வைக்கும் வேலைச் சுற்று) இருக்கும். உபபணியை மட்டும் அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு இழுக்க முடியாது. இழுக்கவேண்டிய தேவை வந்தால் அது தனிப்பணியாக இருந்திருக்கவேண்டியது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள்.

அனுமதி. விருந்தினர் கணக்கில் வந்தவருக்கு, பகிர்ந்த பணி மட்டும் தெரிந்து மற்றவை தெரியாமல் இருக்கலாம். அவரது போனில் திட்டத்தின் பெயரே வரவில்லை என்றால் இதுதான். நிர்வாகிக் கணக்கு வைத்திருப்பவர்தான் திறந்துவிட வேண்டும், நீங்கள் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

அழிந்துவிட்டதா? அசானாவில் அழித்த பணியை 30 நாளுக்குள் மீட்கலாம். ட்ரெலோவில் பணிக்கு அட்டை என்று பெயர். ‘ஆர்க்கைவ்’ செய்து ஒதுக்கி வைத்த அட்டை திரும்ப வரும், அழித்த அட்டை வராது. ஜிராவில் தாய்ப்பணியை அழித்தால் பிள்ளைகளும் சேர்ந்தே போகும், குப்பைத்தொட்டியில் தேடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: காணாமல் போனதை அதே பெயரில் அவசரப்பட்டுத் திரும்ப எழுதாதீர்கள். படமும் பேச்சும் பழையதோடு இருக்கும். முதலில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

## அறிகுறி 2: பட்டியல் உள்ளுக்குள் உள்ளாகப் போய் ஒருவருக்கும் விளங்கவில்லை

முறைப்பாடு இப்படி வராது. “பெடியள் பார்க்கிறாங்களே இல்லை” என்றுதான் வரும்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணை, ஊரில் தன் தாய்க்குக் கட்டும் வீட்டுக்குப் பட்டியல் போட்டு அனுப்பினார். வீடு, அதற்குள் அத்திவாரம், அதற்குள் கிடங்கு வெட்டுதல், அதற்குள் அளவு போடுதல், அதற்குள் கயிறு கட்டுதல். கயிறு கட்டுவதற்கு ஒரு திகதியும் இருந்தது. மேசன் அண்ணை போனில் நாலு தரம் தட்டி அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, கயிறு கட்டாமல் நான் என்னத்தை வெட்டுறது? இதை ஏன் எனக்குச் சொல்லுறார்?” அதன்பிறகு அவர் அந்தச் செயலியைத் திறக்கவில்லை. நானாக இருந்தாலும் திறந்திருக்கமாட்டேன்.

பார்க்கவேண்டியது. ஆழமான ஒரு உபபணியை எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். தாய்ப்பணியைச் செய்பவரைவிட வேறு ஆளா செய்கிறார்? வேறு நாளா? இது முடியட்டும் என்று வேறு யாராவது காத்துக்கொண்டு நிற்கிறாரா? ஒன்றுக்காவது ஆம் என்றால் உபபணி. மூன்றுக்கும் இல்லை என்றால் அது சரிபார்ப்பு வரி. பணிக்குள் ஒரு செக்லிஸ்ட்டாக எழுதிவிடுங்கள், திகதி வேண்டாம், பெயர் வேண்டாம். மைக்ரோசொஃப்ட் பிளானரில் அந்தப் பட்டியலில் 20 வரிதான் போடலாம். இருபதுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் பணியையே இரண்டாக உடைக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, பெரிய வேலையை ஒரு வரிக்குள் புதைப்பது. மேலே சொன்ன அத்திவாரப் பட்டியலில் “மணல்” என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. மணலுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும், டிப்பர் கிடைக்கவேண்டும், மழை பெய்தால் ஆற்றில் இறங்க முடியாது. அத்திவாரம் முழுவதும் அதற்காகக் காத்து நிற்கும். அது உபபணிகூட இல்லை, தனிப்பணி. அத்திவாரத்துக்கு முன்னால் நிற்கவேண்டியது. சாமான் எடுப்பதை வேலைக்குள் புதைக்காதீர்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்வது. சீமெந்து கடையில் கிடைக்கும், மணல் அப்படியில்லை.

மட்டம் எத்தனை? என் கணக்கில் இரண்டு. பணி, உபபணி. அவ்வளவுதான். ஜிராவில் உபபணிக்குக் கீழே இன்னொரு உபபணி போட முடியாது, கூகிள் டாஸ்க்ஸும் ஒரு மட்ட உபபணியோடு நிறுத்திவிடும். அசானா இன்னும் ஆழமாகப் போகவிடும். விடுகிறது என்பதற்காகப் போகவேண்டியதில்லை.

ஐந்து மட்டம் போட்ட பட்டியலை வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது கீழ்மட்டங்கள் எல்லாம் ஒரே தட்டில் கொட்டுப்பட்டுவிடலாம், “கயிறு கட்டுதல்” எந்த வீட்டுக்கு என்றே தெரியாமல் போகும். ஏற்கெனவே அப்படி நூற்றுக்கணக்கில் இருந்தால் மாற்றுவதற்கு முன் ஆளைக் கூப்பிடுங்கள். மாற்றிய பிறகு கூப்பிட்டால் கூலி இரட்டிப்பு. என் கூலியைச் சொல்கிறேன்.

## அறிகுறி 3: மென்பொருளில் முடிந்தது, வளவில் முடியவில்லை

அல்லது மறுவளமாக, உபபணி எல்லாம் முடிந்தும் தாய்ப்பணி திறந்தே கிடக்கிறது.

இதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு குணம். டூடூயிஸ்டில் தாயை முடித்தால் பிள்ளைகளும் முடிந்ததாகிவிடும். அசானாவில் தாயை முடித்தாலும் பிள்ளைகள் திறந்தே இருக்கும். ஜிராவில் எல்லாப் பிள்ளையும் முடிந்தாலும், தானியங்கி விதி ஒன்று போடாவிட்டால் தாய் தானாக மூடாது. ரெட்மைனில் தாயின் திகதியும் முடிந்த விழுக்காடும் பிள்ளைகளிலிருந்து கணக்கிடப்படும்படி வைக்கலாம், சாராமலும் வைக்கலாம். அந்தத் தெரிவு நிர்வாகப் பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே முதலில் ஒரு போலிப்பணி போட்டு, அதற்குள் இரண்டு உபபணி எழுதி, தாயை முடித்துப் பாருங்கள். ஒரு நிமிடம் போதும், உங்கள் மென்பொருள் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். கைநூலைத் தேடுவதைவிட இது விரைவு.

மென்பொருளில் பிழை இல்லை என்றால் பெயரில் பிழை. “வயரிங்” என்பது எப்போது முடியும்? குழாய் வைத்ததோடா, வயர் இழுத்ததோடா, லைட் எரிந்ததோடா? வயரிங் தம்பிக்கு முதலாவது, வீட்டுக்காரம்மாவுக்கு மூன்றாவது. “எல்லா அறையிலும் லைட் எரிகிறது” என்று பெயரை மாற்றினால் சண்டை குறையும். முடிந்ததும் ஒரு படம் போடச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் செய்யாதவர்களும் படம் எடுத்துப் போடுவார்கள்.

## அறிகுறி 4: “எனக்கு ஒண்டும் வரேல்லையே”

அறிவித்தல் போகவில்லை என்ற முறைப்பாடு. வரிசையாகப் பாருங்கள்.

1. உபபணியில் பெயர் இருக்கிறதா? தாய்ப்பணியில் பெயர் போட்டால் பிள்ளைக்கும் போகும் என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் போகாது.

2. இரண்டு பேரின் பொறுப்பா? அசானாவில் ஒரு பணிக்கு ஒருவர்தான். சில மென்பொருள்கள் இருவரைப் போடவிடும். இருவரைப் போட்டால் இருவரும் மற்றவர் செய்வார் என்று இருப்பார்கள், கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவது மாதிரி. ஒரு பெயர் போடுங்கள், மற்றவரைப் பின்தொடர்பவராகச் சேருங்கள்.

3. ட்ரெலோவின் இலவசக் கணக்கில் செக்லிஸ்ட் வரிக்குத் தனியாக ஆளும் திகதியும் போட முடியாது. வரியில் பெயரை எழுதியிருப்பீர்கள், அது வெறும் எழுத்து. ஆளுக்கு அறிவித்தல் வேண்டுமென்றால் அந்த வரியைத் தனி அட்டையாக மாற்றுங்கள், வரிக்குப் பக்கத்து மெனுவில் அந்தத் தெரிவு இருக்கிறது. காசு கொடுத்து வேறு திட்டத்துக்கு மாறுவது அதற்குப் பிறகு யோசிக்கிற விஷயம்.

4. போன். அன்ட்ரொய்ட் போன்கள் பற்றரியைச் சேமிக்கவென்று பின்னணியில் செயலியை நிறுத்திவிடும். விலை குறைந்த போன்களில் இது கடுமை. அமைப்புக்குள் போய், அந்தச் செயலிக்குப் பற்றரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். போன் மாற்றின பிறகு அறிவித்தல் அனுமதி கொடுக்காமல் விட்டவர்களும் உண்டு.

5. மின்னஞ்சல் முகவரி. கணக்கு, ஒரு காலத்தில் யாரோ தொடங்கிக் கொடுத்து மறந்துபோன முகவரியில் இருக்கும். அறிவித்தல் ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருக்கும், ஒருவரும் திறக்காத பெட்டிக்கு.

இத்தனையும் சரியாக இருந்தும் மேசன் அண்ணை பார்க்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அவருக்கு வட்ஸ்அப் போதும். சுப்பவைசர் பெயரில் பணியைப் போட்டு, காலையில் அவர் அன்றைய வரிகளைப் படமாக எடுத்து வட்ஸ்அப்பில் போடட்டும். எல்லோரையும் ஒரே செயலிக்குள் இழுக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த குழுக்களில் கடைசியில் யாரும் அதற்குள் இல்லை.

## அறிகுறி 5: திகதி ஒரு நாள் தள்ளி நிற்கிறது

நேர வித்தியாசம் வன்னிக்குப் புதிதல்ல. 1996இல் கொழும்பு கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியபோது இங்கே பழைய நேரம்தான் ஓடியது. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் திரும்பப் பழைய நேரத்துக்கு (கிரீன்விச் நேரத்துக்குக் கூட்டல் ஐந்தரை மணி) வரும்வரை, வன்னிக்குள் நுழையும் ஓமந்தையைத் தாண்டினால் கையிலுள்ள மணிக்கூட்டைத் திருத்தவேண்டியிருந்தது. அப்போது எல்லோரும் “எந்த நேரம்?” என்று கேட்டுப் பழகியிருந்தோம். இப்போது கேட்பதில்லை. மென்பொருள் சொல்வதை அப்படியே நம்புகிறோம்.

நேர வலயம். பட்டியலைத் தொடங்கியவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்தால், கணக்கின் நேர வலயம் அங்கேயே இருக்கக்கூடும். கிளிநொச்சியில் திங்கள் காலை 8 மணி என்றால் ரொறன்ரோவில் ஞாயிறு இரவு 9.30 அல்லது 10.30, அவர்களின் கோடை நேரத்தைப் பொறுத்தது. நேரம் குறித்த பணி அவருக்கு ஞாயிறு என்றே காட்டும். நேரம் போடாமல் திகதி மட்டும் போட்டால் பல மென்பொருள்களில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொருவரின் கணக்கு அமைப்பிலும் நேர வலயம் கொழும்பு, அதாவது கூட்டல் 5.30 என்று இருக்கிறதா பாருங்கள். ஒருவரின் கணக்கைத் திருத்தினால் மற்றவருடையது திருந்தாது.

மாதமும் நாளும் புரண்டதா? எக்செல் கோப்பிலிருந்து பணிகளை ஏற்றியபோது 03/08 என்பது ஓகஸ்ட் 3ஆ, மார்ச் 8ஆ? நாங்கள் நாளை முதலில் எழுதுகிறோம், அமெரிக்க அமைப்பு மாதத்தை முதலில் வாசிக்கும். கண்டுபிடிக்கும் வழி இலகு. மாதத்தின் 12ஆம் திகதி வரையுள்ளவை புரண்டும், 13ஆம் திகதியும் அதற்கு மேற்பட்டவையும் வெறுமையாகவும் இருந்தால் இதுவேதான். கையால் ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்காதீர்கள். ஏற்றியதை முழுவதும் எடுத்துவிட்டு, கோப்பில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் திகதியை மாற்றித் திரும்ப ஏற்றுங்கள்.

விடுமுறை நாட்கள். ஆறு நாள் வேலை எட்டு நாளாக நீள்கிறது என்றால், மைக்ரோசொஃப்ட் புரொஜெக்ட் போன்றவற்றின் நாட்காட்டி திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலை என்று எடுத்துக்கொள்கிறது. எங்களுக்குச் சனியும் வேலைநாள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களும் தைப்பொங்கலும் அதற்குத் தெரியாது. வேலை நேரத்தை மாற்றும் இடத்தில் சனியைத் திறந்துவிட்டு, போயா நாட்களை விலக்குகளாகச் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அரை மணித்தியால வேலை.

## அறிகுறி 6: ஒரு திகதியை நகர்த்தினேன், எல்லாம் ஓடிவிட்டது. அல்லது ஒன்றுமே அசையவில்லை

எல்லாம் ஓடினால், சங்கிலிபோல் ‘இது முடிந்தபின் அது’ என்று கட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் தேவையில்லாத கட்டுகள். கிணறு இறைப்பதற்கும் கூரைத் தகரம் போடுவதற்கும் என்ன தொடர்பு? பட்டியலில் அடுத்தடுத்து இருக்கின்றன என்பதற்காகக் கட்டியிருப்பார்கள். உண்மையிலேயே காத்திருப்பவற்றுக்கு மட்டும் கட்டுப் போடுங்கள், மற்றவற்றை அவிழ்த்துவிடுங்கள். தாய்ப்பணிக்கும் தாய்ப்பணிக்கும் நேராகக் கட்டுப் போடுவது இன்னும் தொல்லை. பிள்ளையிலிருந்து பிள்ளைக்குக் கட்டுங்கள்.

ஒன்றும் அசையவில்லை என்றால், மைக்ரோசொஃப்ட் புரொஜெக்டில் பணி கைமுறை அட்டவணையில் இருக்கிறது, அதாவது திகதியை மென்பொருள் தானாக நகர்த்தாது. 2010 பதிப்பிலிருந்து புதிய பணிகள் அப்படித்தான் தொடங்குகின்றன. பெயருக்குப் பக்கத்தில் குண்டூசிப் படம் இருந்தால் அதுதான். எல்லாவற்றையும் தெரிவுசெய்து தானியங்கிக்கு மாற்றுங்கள். அதோடு, தாய்ப்பணியின் திகதி பிள்ளைகளிலிருந்துதான் வரும். தாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

மழையை எந்த மென்பொருளும் கட்டுப்போட்டுப் பிடிக்காது. 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்த இரவைப் பார்த்தவர்கள் கார்த்திகை மார்கழியில் கிடங்கு வெட்டும் திகதியைக் கேட்டாலே சிரிப்பார்கள். ஐப்பசிக்கு முன் முடியவேண்டியவை, தைக்குப் பிறகு தொடங்குபவை என்று பட்டியலை இரண்டாகப் பிரித்துவிட்டால் திகதியை இழுத்து விளையாடும் தேவை பாதி குறையும்.

கட்டுகள் நூற்றுக்கு மேல் போய், எதை அவிழ்த்தால் எது ஓடும் என்று தெரியாத நிலை வந்தால் அட்டவணை தெரிந்த பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். அதுவும் கொந்தராத்துப் பத்திரத்தில் தாமதக் கட்டணம் எழுதியிருந்தால் நீங்களாகத் தொடவே வேண்டாம்.

## அறிகுறி 7: ஒரே உபபணி இரண்டு தரம்

சிக்னல் இல்லாத இடத்தில் எழுதிவிட்டு, போகவில்லை என்று திரும்ப எழுதியிருப்பீர்கள். ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் இது சாதாரணம். இரண்டும் பிறகு சேர்ந்து வரும். பேச்சு குறைவாக உள்ளதை அழியுங்கள். ஒவ்வொரு கிழமையும் வந்தால் மீள்வரும் பணியையோ தானியங்கி விதியையோ இரண்டு பேர் தனித்தனியே போட்டிருக்கிறார்கள், ஒன்றை நிறுத்துங்கள்.

## அறிகுறி 8: தமிழில் எழுதியது கிறுக்கலாக வருகிறது, அல்லது தேடினால் கிடைக்கவில்லை

இதற்கு வெளியூர்க் கைநூல்களில் பதில் இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாக.

பாமினி. அலுவலகக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியதும் பணியின் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழுகிறதா? எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தால் அது “அம்மா”. பாமினி எழுத்துருவில் அடித்தது. எழுத்துரு உங்கள் கணினியில் மட்டும் அதைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. மென்பொருளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. இலவச மாற்றி ஒன்றில் போட்டு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றி ஒட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: வரிக்குள் உண்மையான ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் மாற்றி அதையும் தமிழென்று நினைத்துக் குழப்பிவிடும். பெயர்களையும் சாமான் இலக்கங்களையும் பிறகு சரிபாருங்கள்.

எக்செல். பட்டியலைக் கோப்பாக இறக்கி இருதரம் தட்டித் திறந்ததும் தமிழ் எல்லாம் வேற்று எழுத்தாகிவிட்டதா? கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, எக்செல் தவறாக வாசிக்கிறது. சேமிக்காமல் மூடுங்கள். சேமித்தால்தான் கெடும். தரவு என்ற மெனுவில் உரைக் கோப்பிலிருந்து எடுக்கும் தெரிவுக்குப் போய், 65001 என்ற யூனிகோட் இலக்கத்தைத் தெரிவுசெய்து திறந்தால் தமிழ் வரும். கூகிள் ஷீட்ஸில் திறந்தால் இந்தப் பாடு இல்லை.

கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. பூநகரிப் பக்கம் கௌதாரிமுனையில் ஒரு வேலை. பட்டியலில் அந்தப் பெயரில் பதினொரு உபபணி இருந்தன, தேடினால் நாலுதான் வந்தது. ஒரு மத்தியானம் முழுக்க அனுமதி, வடிகட்டி, மறைந்தவை என்று எல்லாவற்றையும் கிண்டினேன். கடைசியில் ஒரு பெயருக்குள் கர்சரை வைத்து, பின்னழி சாவியால் எழுத்தெழுத்தாக அழித்தபோதுதான் பிடிபட்டது. நாலு வரியில் “கௌ” ஒரே குறியாக இருந்தது. மற்ற ஏழில் “கெ” தனியாக, அதற்குப் பக்கத்தில் முழு “ள” தனியாக. திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிந்தன. அதை அடித்த தங்கச்சியிடம் கேட்டேன். “போனில ஔகாரக் குறி எங்க கிடக்கெண்டு தெரியேல்லை அண்ணை, ள போட்டன், சரியாத்தானே தெரியுது” என்றார்.

சந்தேகம் வந்தால் நீங்களும் அப்படி அழித்துப் பாருங்கள். ஔகாரம் வரும் எந்தப் பெயரிலும் நடக்கும். துணைக்கால் வரவேண்டிய இடத்தில் “ர” அடித்தாலும் இதே கதைதான். ஊர்ப் பெயரை ஒவ்வொருவரும் தட்டச்சு செய்யவிடாமல், குறிச்சொல்லாகவோ தெரிவுப் பட்டியலாகவோ ஒருதரம் சரியாகப் போட்டு வைத்து, அதிலிருந்து தெரிவுசெய்யச் சொல்லிவிட்டால் பிறகு வராது.

நூற்றுக்கணக்கான பணிகள் ஏற்கெனவே பாமினியில் ஏறிவிட்டன என்றால், முதலில் முழுப் பட்டியலையும் இறக்கி ஒரு பிரதி வைத்துவிட்டு, யூனிகோட் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். தமிழ் உள்ள நிரலை (நெடுவரிசையை) மட்டும் பிரித்து மாற்றித் திரும்ப ஏற்றவேண்டும். கௌதாரிமுனையின் ஏழு வரிக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. சரியான பெயரை நான் ஒருமுறை அடித்துக் கொடுத்தேன், தங்கச்சி ஏழு தரம் ஒட்டினார், தேடினோம், பதினொன்றும் வந்தது.